காலி பாக்கெட் யாருடையது? ஊர்க் குப்பைத் திட்டத்தில் உற்பத்தியாளருக்கும் ஒரு பக்கம்

பெட்டிக்கடையில் கலர் வாங்கிக் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. கடைக்காரர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுப்பார். ஆனால் கண்ணை அதன் மேலிருந்து எடுக்கமாட்டார். குடித்து முடித்து, காலி பாட்டிலை மரப்பெட்டியில் வைத்த பிறகுதான் நாம் நகரலாம். வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் பாட்டிலுக்கு முன்பணம் கட்ட வேண்டும். மறுநாள் கம்பெனி வண்டி வரும். நிறைந்த பெட்டிகள் இறங்கும், காலிப் பெட்டிகள் ஏறும். கலரை விற்றவர்தான் பாட்டிலுக்கும் சொந்தக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதற்குச் சட்டம் படிக்கவில்லை.

அடுத்து வந்தது ஷாம்பு பாக்கெட். இந்தியாவில் இதைப் பரவலாக்கியதில் நம் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. சின்னி கிருஷ்ணன் என்ற கடலூர்க்காரர்தான் சின்னச் சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு அடைத்து விற்கும் வழியைக் காட்டியவர் என்பார்கள். பெரிய பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் பாட்டிலைக் கேட்டுவாங்கிய கடைக்காரர் பாக்கெட்டைக் கேட்கவில்லை. கம்பெனி வண்டியும் காலியாகவே திரும்பியது. கிழித்துப் போட்ட அந்தத் துணுக்கு அன்றிலிருந்து ஊராட்சியின் பாடு ஆகிவிட்டது.

அந்தத் துணுக்கைத் திரும்பவும் உற்பத்தியாளரின் கணக்கில் எழுதுவதற்குப் பெயர்தான் 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு'. வாயில் நுழையாத பெயர். அதிகாரிகள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'இபிஆர்' என்பார்கள். பொருள் எளிது: ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவரின் பொறுப்பு விற்பனையோடு முடிவதில்லை, அது குப்பையான பிறகு அதைச் சேகரித்து, பிரித்து, மறுசுழற்சி செய்ய ஆகும் செலவிலும் அவருக்குப் பங்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990இல் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தார். மறு ஆண்டே ஜெர்மனி, பொட்டலப் பொருட்களுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்து இதை நடைமுறையில் இறக்கிவிட்டது.

இதில் பணத்தைத் தாண்டியும் ஒரு கணக்கு இருக்கிறது. குப்பைச் செலவு ஊர் தலையில் இருக்கும்வரை, பாக்கெட்டை மூன்று அடுக்காக ஒட்டலாமா ஓர் அடுக்கில் முடிக்கலாமா என்று வடிவமைப்பவர் யோசிக்கவே வேண்டியதில்லை. செலவு அவர் வீட்டுக்குத் திரும்பினால்தான் அந்த யோசனை வரும்.

கொட்டகையில் மூன்று குவியல்

கொள்கையை விட்டுவிட்டு ஒரு பேரூராட்சியின் குப்பை பிரிக்கும் கொட்டகைக்குள் போவோம். மக்கும் குப்பை உரக்குழிக்குப் போய்விட்டது. பேட்டரி வண்டியில் வந்த மக்காத குப்பை தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கிறது. தூய்மைப் பணியாளர்கள் கையால் பிரிக்கிறார்கள். தண்ணீர் பாட்டில், பால் கவர், அட்டைப்பெட்டி, இரும்பு ஆகியவை ஒரு பக்கம். இவற்றுக்குக் காயலான் கடைக்காரர் காசு கொடுப்பார். எடுத்துப்போக அவரே வண்டியும் அனுப்புவார். இன்னொரு பக்கம் கண்ணாடி, செருப்பு, கிழிந்த துணி. இவற்றைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிவிட வேண்டும்.

மூன்றாவது குவியல்தான் உயரமானது. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு, சாம்பார்ப்பொடி, பான் மசாலா. உள்பக்கம் வெள்ளியாக மின்னும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு இருப்பதால் உருக்கிப் பிரிப்பது கடினம். ஒரு காலி ஷாம்பு பாக்கெட்டின் எடை மிகக் குறைவு. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். பொறுக்கினாலும் வாங்க ஆளில்லை. மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்து, மழைக்காலம் வந்தால் மேலே தார்ப்பாய் போட்டு, எரிபொருளாகச் சிமென்ட் ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரிக்காகக் காத்திருப்பார்கள்.

உற்பத்தியாளர் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றாவது குவியலையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் குவியலைச் சந்தையே பார்த்துக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது, பணம் எங்கே போகிறது

இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் பிளாஸ்டிக், மின்னணுக் கழிவு விதிகளிலேயே இந்தக் கருத்து நுழைந்துவிட்டது. 2016இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் வெளிப்படையாகப் பேசின. பலஅடுக்குப் பாக்கெட்டுகளைத் திரும்பச் சேகரிக்கும் முதல் பொறுப்பு உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்டு உரிமையாளர் மூவருடையது என்றன. அவர்கள் தங்கள் சொந்த விநியோக வழியிலோ உள்ளாட்சி மூலமாகவோ அதைச் செய்யலாம். அதே ஆண்டின் திடக்கழிவு விதிகளில் 17ஆவது விதி ஒரு படி மேலே போனது. தகரம், கண்ணாடி, பிளாஸ்டிக் போன்றவற்றில் தூக்கியெறியும் பொருட்களைத் தயாரிப்பவர்கள், குப்பை மேலாண்மை அமைப்பை உருவாக்க உள்ளாட்சிகளுக்கு நிதி உதவி செய்ய வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். நாப்கின், டயப்பர் கம்பெனிகள் பயன்படுத்தியதைச் சுற்றிப் போட உறை கொடுக்க வேண்டும் என்றதும் இதே விதிதான். அந்த உறையை எத்தனை பாக்கெட்டில் பார்த்திருக்கிறீர்கள் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

2022 பிப்ரவரியில் வந்த திருத்தம் இதை ஒரு சான்றிதழ் முறையாக மாற்றியது. பிளாஸ்டிக் பொட்டலங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன: கெட்டியானவை, நெகிழ்வானவை, பிளாஸ்டிக்கோடு வேறு பொருள் ஒட்டிய பலஅடுக்கு, மக்கும் வகைப் பிளாஸ்டிக். கம்பெனி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்யும். ஒவ்வொரு வகையிலும் இவ்வளவு டன் சந்தைக்கு விட்டேன் என்று கணக்குக் காட்டும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் ஒரு டன்னைப் பதப்படுத்தினால் அதற்குச் சான்றிதழ் உண்டாகும். கம்பெனி அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கித் தன் கடமையை நேர்செய்துகொள்ளும்.

கொட்டகையில் குப்பை பிரிக்கும் அக்கா இந்தக் கதையில் எங்கே வருகிறார் என்று தேடிப் பாருங்கள். வரவில்லை. சான்றிதழ் பிறக்கும் இடம் சங்கிலியின் கடைசிக் கண்ணி. பணமும் அங்கேதான் வந்து விழுகிறது. வீடு வீடாகப் போய் வாங்கியது, பிரித்தது, கட்டியது, ஏற்றி அனுப்பியது எல்லாம் உள்ளாட்சியின் செலவு. போதாததற்கு, தருமபுரியில் விற்ற பாக்கெட்டுக்கு ஈடாகக் குஜராத்தில் பதப்படுத்திய டன்னைக் காட்டினாலும் கணக்கு நேராகிவிடும். கம்பெனி சட்டத்தை மீறவில்லை. தருமபுரியில் குவியலும் குறையவில்லை. போதாக்குறைக்குப் போலிச் சான்றிதழ்கள் வேறு. 2023இல் வாரியம் தணிக்கை செய்தபோது லட்சக்கணக்கில் பிடிபட்டன.

என் கருத்து இதுதான்: டெல்லியில் எழுதிய பொறுப்பு ஊருக்குத் தானாக வந்து சேராது. ஊர் தன் திட்டத்தில் அதற்கு ஓர் இடம் வைத்துக் கேட்டால்தான் வரும். நம் உள்ளாட்சிகளின் குப்பைத் திட்டங்களில் வண்டி எத்தனை, ஆள் எத்தனை, உரக்குழி எத்தனை என்று வரி வரியாக இருக்கும். உற்பத்தியாளரிடமிருந்து என்ன வர வேண்டும் என்ற வரிதான் பெரும்பாலும் இருக்காது.

அந்த வரியை எழுதுவது எப்படி

முதல் வேலை எண்ணுவது. எடை மட்டும் போதாது. யாருடைய பாக்கெட் என்றும் எண்ண வேண்டும். ஒரு வார்டில் ஏழு நாள், பண்டிகை இல்லாத வாரமாகப் பார்த்து, மூன்றாவது குவியலை மட்டும் தனியே எடுத்து பிராண்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நாங்கள் நாலைந்து பேர் ஒருமுறை இதைச் செய்தோம். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தொடங்கினோம். மூன்றாம் நாளே நிறத்தைப் பார்த்து இது எந்த பிஸ்கட் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டோம். எங்களைவிட வேகமாகச் சொன்னவர் அங்கே பத்து வருடமாகப் பிரிக்கும் அக்கா. "இத எல்லாம் எழுதி யாருகிட்ட குடுப்பீங்க தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

பாக்கெட்டின் பின்பக்கம் தயாரிப்பாளர் பெயரும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி; 2025 ஜூலை முதல் இந்த விவரத்தைக் கியூஆர் குறியீடு போன்ற வழிகளிலும் கொடுக்கலாம். அவை இருக்கும் பாக்கெட் எத்தனை சதவீதம், ஒன்றுமே இல்லாத வெற்றுக் கவர் எத்தனை சதவீதம் என்று பிரிப்பது முக்கியம். பெயரில்லாதவற்றில் உள்ளூர் முறுக்குக் கம்பெனி, டிபன் கடை சாம்பார்க் கவர் எல்லாம் இருக்கும். இவற்றைச் சான்றிதழ் முறையால் பிடிக்க முடியாது. குறுந்தொழில், சிறுதொழில் பிராண்டுகளுக்கு அதில் விலக்கு. அங்கே ஊரின் கையில் இருப்பது உரிமக் கட்டுப்பாடும், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கும் ஒருமுறைப் பிளாஸ்டிக் தடையும்தான். எது யாரிடம் கேட்க வேண்டியது, எதை நாமே நிறுத்த வேண்டியது என்பது இப்படி எண்ணினால்தான் பிரியும்.

அடுத்தது செலவு. இங்கே ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். 5,000 வீடு. வீட்டுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் மூன்றாவது குவியலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 150 கிலோ, மாதத்துக்கு 4.5 டன். இதைப் பிரிக்கவும் கட்டவும் 3 பேர், நாளொன்றுக்கு 400 ரூபாய், 26 நாள்: 31,200 ரூபாய். ஆலைவரை லாரி வாடகை 12,000. கட்டும் இயந்திரத்துக்கு மின்சாரம், சாக்கு, கயிறு 4,000. கூட்டினால் 47,200. கிலோவுக்குப் பத்தரை ரூபாய். ஆண்டுக்கு 5,66,400 ரூபாய்.

வீட்டு வாசலிலிருந்து கொட்டகைவரை கொண்டுவரும் செலவை இதில் சேர்க்கவே இல்லை. வீட்டு வரி கட்டுகிறவர் சிப்ஸ் சாப்பிடாவிட்டாலும் இதைக் கட்டுகிறார்.

கிலோவுக்குப் பத்தரை ரூபாய் என்ற இந்த ஒரு எண்தான் பேச்சுவார்த்தையின் அடிப்படை. இது கையில் இல்லாமல் போகும் தலைவருக்கு நான்கு குப்பைத்தொட்டியும், கம்பெனி பெயர் பொறித்த டி-ஷர்ட்டும், தொட்டியைத் திறந்துவைக்கும் புகைப்படமும் கிடைக்கும். சமூகப் பொறுப்பு நிதி என்று அதற்குப் பெயரும் சொல்வார்கள். அது அன்பளிப்பு போல, யாருக்குக் கொடுப்பது என்பது கம்பெனியின் விருப்பம். இங்கே நாம் பேசுவது கடன்.

மூன்றாவது, ஒப்பந்தம். மறுசுழற்சியாளருக்கோ, கம்பெனிகளுக்காகச் சேகரிக்கும் இடைநிறுவனங்களுக்கோ உள்ளாட்சி மக்காத குப்பையைக் கொடுக்கும்போது சில வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் குவியல் வேண்டுமென்றால் மூன்றாவதையும் சேர்த்து எடுக்க வேண்டும். நல்லதை அள்ளிக்கொண்டு மட்டமானதை விட்டுப்போவது இந்தத் தொழிலில் வழக்கம். எடைச்சீட்டின் நகல் உள்ளாட்சிக்கு வர வேண்டும். அதை வைத்துச் சான்றிதழ் விற்றால் கிலோவுக்கு இவ்வளவு கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தொகையில் பிரிக்கும் ஆட்களுக்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தெருவில் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்களையும் இதில் சேர்த்தாக வேண்டும். கம்பெனி வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிப்போனால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான்.

சிமென்ட் ஆலைக்கும் இதில் கடமை உண்டு. குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள், தங்கள் எரிபொருளில் 5 சதவீதமாவது அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகள் இருப்பதால் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து மூட்டைகள் அங்கே போகின்றன. ஆலைக்கு எரிபொருள், கம்பெனிக்குச் சான்றிதழ், ஊருக்கு லாரி வாடகை என்று முடியாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஒப்பந்தம். எரிப்பது மறுசுழற்சி ஆகிவிடாது என்பதையும் ஓரமாகச் சொல்லி வைக்கிறேன்.

பேட்டரி, மின்னணுப் பொருட்களுக்கு வேறு வழி. இன்வர்ட்டர் பேட்டரி மாற்றும்போது பழையதைக் கழித்துக்கொண்டு புதியதைக் கொடுக்கிறார்கள் அல்லவா, அங்கே உற்பத்தியாளர் பொறுப்பு ஏற்கெனவே நன்றாக நடக்கிறது. ஈயத்துக்கு விலை இருப்பதுதான் காரணம். டார்ச் பேட்டரிக்கும் எரிந்துபோன பல்புக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சொந்தக்காரர் தெரியாத மின்னணுப் பொருட்களைப் பிரித்துப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது உள்ளாட்சியின் வேலை என்கிறது விதி. திட்டத்தில் இவற்றுக்குப் பூட்டுள்ள ஓர் அறையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப்போக ஓர் ஒப்பந்தமும் இருந்தால் போதும்.

நீலகிரியில் பத்து ரூபாய்

ஓர் ஊருக்கான திட்டத்தில் இந்தக் கருத்து இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், மலை ஏறினால் போதும். நீலகிரியில் குடித்துவிட்டு எறியும் மது பாட்டில்கள் காட்டோரம் உடைந்து கிடந்து, யானை முதலான விலங்குகளின் காலைக் கிழித்தன. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் தலையிட்டதில், 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு ஏற்பாடு தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருவார்கள்.

பழைய கலர் பாட்டில் முன்பணம்தான் இது, வேறொன்றுமில்லை. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பங்கு கடைக்கே திரும்பியது. குடித்தவர் எறிந்தாலும் வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வந்து பத்து ரூபாய் வாங்கிக்கொள்கிறார். 'குப்பை போடாதீர்' பலகைகள் செய்யாத வேலையை அந்த நோட்டு செய்தது. பிறகு பெரம்பலூர், கோவை என்று மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

இதிலிருந்து ஊர்த் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று, இந்த ஏற்பாட்டுக்கு எல்லை இருந்தது: இந்த மாவட்டம், இந்தக் கடைகள். குஜராத் டன்னைக் காட்டி நீலகிரிக் கணக்கை நேர்செய்ய வழியே இல்லை. இரண்டு, திட்டமிடாத இடத்தில் அது இடித்தது. காலி பாட்டிலை அடுக்கக் கடையில் இடமில்லை, எண்ணி வாங்க ஆளில்லை என்று ஊழியர்கள் போராடினார்கள். நியாயம்தான். திரும்பி வரும் பொருளுக்கு இடமும் ஆளும் ஒதுக்காமல், இருக்கிறவர் தோளில் ஏற்றினால் எந்த நல்ல திட்டமும் அங்கேதான் முறியும். திரும்பி வராத பாட்டிலின் பத்து ரூபாய் யாருக்கு என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அது ஊரின் குப்பைக் கணக்குக்கு வர வேண்டும் என்பது என் கட்சி.

வெளிநாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு நகராட்சிகளின் சேகரிப்புச் செலவில் பெரும்பங்கை ஈடுகட்டுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2014 முதல் நகராட்சிக்கு ஒரு தெரிவு இருக்கிறது: கூலி வாங்கிக்கொண்டு நீயே சேகரி, இல்லையென்றால் ஒதுங்கிக்கொள், உற்பத்தியாளர்களின் அமைப்பே சேகரிக்கும். பிரிட்டனில் 2025 முதல் பொட்டலக் குப்பைக்கான கட்டணத்தைக் கம்பெனிகளிடம் வாங்கி உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். முதல் ஆண்டுத் தொகையே நூறு கோடி பவுண்டுக்கு மேல். மூன்று இடத்திலும் முறை வேறு. ஆனால் உள்ளாட்சிக்கு இவ்வளவு செலவு ஆகிறது என்ற கணக்கிலிருந்துதான் மூன்றும் தொடங்குகின்றன.

நம் ஊரில் அந்தக் கணக்கை வைக்க இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகர்ப்புறங்களில் பகுதி சபை. குடிநீர், தெருவிளக்கு, சாலைக்கு நடுவே மூன்றே கேள்விகளைத் தீர்மானமாக வைக்கலாம். மூன்றாவது குவியலுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது? அதில் பெயர் தெரிந்த கம்பெனிகளின் பங்கு எவ்வளவு? அந்தப் பங்கைக் கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கம்பெனிகளுக்கும் கடிதம் போனதா? உள்ளாட்சி ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய பிளாஸ்டிக் கழிவு அறிக்கையோடு பிராண்டு பட்டியலையும் இணைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே இடத்திலிருந்து பேச்சைத் தொடரலாம்.

அக்கா கேட்ட கேள்விக்கு அன்று எங்களிடம் சரியான பதில் இல்லை. இப்போது கேட்டால் முகவரி சொல்ல முடியும். அது அவர் பிரித்துப் போடும், பெயர் அச்சிட்ட ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் இருக்கிறது.